பல்லிக்குப் போன பேரு

பயப்படாதீங்கக்கா, பல்லி இல்லை. ஓடுகிற பஸ்ஸில் பல்லி எங்கேயிருந்து வரும்? நான்தான். சும்மா உட்கார்ந்திருந்தால் என் நாக்கு இப்படித்தான் ஏதாவது பண்ணிக்கொண்டிருக்கும். நீங்க முன்சீட்டுக் கம்பியில் விரலால் டக் டக்குன்னு தட்டினதைப் பார்த்தேன். அதுக்கு ஏன் வெட்கம்? எல்லாரும் தட்டத்தான் செய்கிறார்கள். எங்க காலேஜ் லேபில், கையில் கண்ணாடிக் குடுவையோடு நின்ற சாரே தட்டினார். பிள்ளைகள் சிரித்ததும், 'மேஜை ஆடுதான்னு பார்த்தேன்'னார். நான் நம்பின மாதிரி இருந்துகொண்டேன். இன்டர்னல் மார்க்கு அவர் கையில்லா இருக்கு.

ஜன்னலை மூட வேண்டாம்க்கா, காத்து வரட்டும்.

என் பேரு பொன்சித்ரா. கோவில்பட்டியில் பி.எஸ்ஸி விலங்கியல், மூணாம் வருஷம். இதைச் சொன்னாலே 'மாட்டு டாக்டரா?'ன்னு கேட்பார்கள். இல்லைன்னா, 'அப்போ டீச்சரா?'ன்னு கேட்பார்கள். அதுவும் இல்லைன்னா முகத்தில் ஒரு இரக்கம் வரும் பாருங்க. அந்த இரக்கத்தை வேற யாருக்காவது குடுங்க. நான் நல்லாத்தான் இருக்கேன்.

எனக்குச் சில பழக்கம் உண்டு. எங்க அம்மா அதைக் கோட்டித்தனம், பைத்தியக்காரத்தனம்பாள். பாம்புச்சட்டை எங்கே கிடந்தாலும் எடுத்து வந்துவிடுவேன். பட்டுச்சேலைப் பெட்டியில் மடிப்புக் கலையாமல் வைத்திருக்கிறேன். செத்த வண்டின் இறக்கையைப் பொட்டு டப்பாவில் சேர்ப்பேன். எறும்புக்கு ஒரு பக்கம் சீனி, ஒரு பக்கம் கருப்பட்டி வைத்து, எது முதலில் தீருதுன்னு பார்ப்பேன். கருப்பட்டிதான். எறும்புக்கு நம்மைவிட ருசி தெரிகிறது. தெருநாய் படுக்கிறதுக்கு முன்னால் வலப்பக்கமாகச் சுத்துதா இடப்பக்கமாகச் சுத்துதான்னு நின்று பார்ப்பேன். யாருக்கு என்ன நஷ்டம்? எதிர்வீட்டுப் பிள்ளை நாள் பூரா போனைப் பார்க்கிறாள், அவளை யாரும் கோட்டிங்கிறதில்லை. நான் நாயைப் பார்த்தால் கோட்டி.

அதோடு இந்தச் சத்தங்கள். அணில் வரும், செம்போத்து வரும். பல்லி வரத்தான் ஒரு வருஷம் ஆச்சு. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி வெடுக்கு வெடுக்குன்னு இழுக்கணும். கொஞ்சம் எச்சில் சேர்ந்தால்தான் அந்த ஈரம் கேட்கும். கோவில்பட்டி வட்டாரத்தில் இதை என்னை மாதிரிச் செய்கிறதுக்கு ஆள் கிடையாது. இந்தச் சத்தத்தால் ஒரு கல்யாணமே நடந்திருக்கு. ஆனால் பேரு பூரா பல்லிக்குப் போய்விட்டது. அதுதான் என் வயித்தெரிச்சல். நீங்க எங்கே இறங்கணும்? சங்கரன்கோவிலா? அப்போ நேரம் இருக்கு, கேளுங்க.

எங்க வீட்டில் நாலு பேர். அப்பா மாட்டுத்தீவனக் கடை வைத்திருக்கிறார். அம்மா. நான். அப்புறம் எங்க சீனியத்தை. அப்பாவின் தங்கச்சி, சீனியம்மாள். கட்டிக்கொடுத்த ரெண்டாம் வருஷமே மாமா தவறிப்போய், பிள்ளையும் இல்லாமல், வீட்டுக்குத் திரும்பி வந்தவள். நான் பிறந்ததிலிருந்து என்னைத் தூக்கி வளர்த்தது அவள் இடுப்புதான். சட்டை தைப்பாள். பேசும்போது வாயில் குண்டூசி இருக்கும், ஆனால் ஒரு வார்த்தை தடுமாறாது. நாற்பது தாண்டிவிட்டது. பார்த்தால் அப்படிச் சொல்ல மாட்டீங்க.

வீட்டிலேயே என் ஆராய்ச்சிக்கு மரியாதை குடுத்தது அத்தை ஒருத்திதான். வீட்டுப் பல்லிகளை ஆள் ஆளாகப் பிரித்துத் தெரிந்துகொள்ள, வாலடியில் நகச்சாயத்தால் ஒரு பொட்டு வைக்கலாம்னு யோசனை வந்தது. அம்மாவிடம் கேட்டால் விளக்குமாறு வரும். அத்தை பஜாரிலிருந்து சிவப்பு நகச்சாயம் வாங்கி வந்து தந்தாள். தரும்போது பார்க்கிறேன், அவள் கால் சுண்டுவிரலில் கொஞ்சம் பூசியிருந்தது. 'என்னத்தே இது?'ன்னேன். 'காயுதான்னு பாத்தேன்ட்டி'ன்னாள். எனக்கு ரொம்பப் பிடித்தது. முதலில் தன் மேலே சோதனை செய்துவிட்டுத்தான் பல்லிக்குத் தருகிறாள் பாருங்க. அதுக்குப் பேர்தான் அறிவியல் மனசு.

டியூப் லைட்டுக்குப் பின்னால் இருக்கிறதுக்குக் கலெக்டர்னு பேர் வைத்தேன். அடுப்படியில் வாலில்லாதது மூளி. சாமி அலமாரிக்குப் பின்னால் இருக்கிறது பூசாரி. சிவப்புப் பொட்டு பூசாரிக்கு.

இப்போ எங்க அப்பாவைப் பற்றிச் சொல்லணும். அவருக்குப் பல்லி சொன்னால்தான் எல்லாம். கடைக்குச் சரக்கு எடுக்கப் போகணுமா, வண்டி மாத்தணுமா, காலையில் முருகன் படத்துக்கு முன்னால் நின்று மனசுக்குள் கேட்பார். அதுக்கு உத்தரவு கேட்கிறதுன்னு பேர். பல்லி கத்தினால், எந்த மூலையிலிருந்து கத்தினதுன்னு பார்ப்பார். பழைய பஞ்சாங்கத்தின் கடைசிப் பக்கத்தை வெட்டி அட்டையில் ஒட்டி பீரோப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். எந்த மூலைக்கு என்ன பலன்னு அதில் இருக்கும். நான் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது இல்லை. விலங்கியல் படிக்கிறவள் அதைப் படிக்கலாமா? 'அப்பா, பல்லி கத்துறது ஒண்ணு ஜோடியைக் கூப்பிட, இல்லை பக்கத்துப் பல்லியை விரட்ட. நம்ம புண்ணாக்கு விலையைப் பற்றி அதுக்கு என்ன தெரியும்?'ன்னு கேட்டேன். 'ஜோடி சேர்றது அதுக்குத் தெரியுதுல்லா, அப்போ நல்லது கெட்டதும் தெரியும்'னுட்டார்.

இந்தத் தை மாசம் வரைக்கும் எங்க தெருமுனையில் ஒரு அரவை மில் இருந்தது. தவசிக்கண்ணுன்னு ஒருத்தர் நடத்தினார். மனைவி இல்லாதவர், மகளைக் கட்டிக் கொடுத்துவிட்டார். அத்தைதான் எப்போதும் மிளகாயும் மல்லியும் அரைக்கப் போவாள். போனால் வர நேரம் ஆகும். 'மில்லுல கூட்டம்'பாள். நாங்கள் அரைக்க ஒண்ணும் கொடுத்துவிடாத நாளில்கூட மில்லில் கூட்டம்தான். அவ்வளவு ஓட்டம் அந்த மில்லுக்கு. அப்படி ஓடுகிற மில்லை எதுக்குக் கழுகுமலைக்கு மாத்தினார்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியலை.

மில் போனதும் வீட்டில் பாக்கெட் மிளகாய்ப்பொடி வந்தது. அத்தையின் குழம்பில் ஒரு நாள் உப்பு இருக்காது, மறுநாள் ரெண்டு தடவை இருக்கும். நான் அவளுக்கு அயோடின் குறைச்சலோன்னு நினைத்தேன்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தவசிக்கண்ணு எங்க வீட்டுக்கு வந்தார். கூட அவருடைய அக்கா. வெள்ளை வேட்டி, சட்டையில் மாவு இல்லை. அதனால் எனக்கு முதலில் ஆளையே தெரியலை. அவருடைய அக்காதான் பேச்சை எடுத்தாள்.

'அண்ணாச்சி, சுத்தி வளைக்கல. எங்க தம்பி தனியா கெடக்கான். உங்க தங்கச்சியக் கேக்க வந்திருக்கோம். ஊரு என்ன சொல்லும்னு நீங்க கேட்டா, ஊரு ஒரு நாளும் எங்களுக்குச் சோறு போடலன்னு நான் சொல்லுவேன்.'

அப்பாவுக்கு மூஞ்சி வெளுத்துவிட்டது. அம்மா காப்பித் தம்ளரோடு நடுவழியில் நின்றுவிட்டாள். அடுப்படியில் தையல் இயந்திரம் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, பட்டுன்னு நின்றது.

அப்பா எழுந்தார். 'ஒரு நிமிஷம் பொறுங்க. உத்தரவு கேட்டுக்கிடுதேன்'னு முருகன் படத்துக்கு முன்னால் போய்க் கண்ணை மூடினார்.

அக்கா, எனக்கு அந்த நிமிஷம் என்ன தோணிச்சு தெரியுமா? பூசாரி கத்த மாட்டான். ஏன்னா அவன் சாமி அலமாரியில் இல்லை. நான் அவனை அன்னைக்குக் காலையில்தான் பிடித்து, துளை போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து என் மேஜையில் வைத்திருந்தேன். கலெக்டரும் மூளியும் பகலில் வாயைத் திறக்க மாட்டார்கள். ஒரு சத்தமும் வரலைன்னா அப்பா 'உத்தரவு இல்லை'ன்னு சொல்லிவிடுவார். அத்தை வாழ்க்கை ஒரு பல்லியின் வாயில் இருந்தது, அந்தப் பல்லி என் டப்பாவில் இருந்தது. அப்போ யாருடைய பொறுப்பு? என் பொறுப்பு.

பின்பக்க அறைக்குள்ளே ஓடினேன். கதவுக்குப் பின்னால் நின்று, எச்சிலைக் கூட்டி, த்ச்சு த்ச்சு த்ச்சுன்னு விட்டேன். சும்மா சொல்லக்கூடாது, அன்னைக்கு மாதிரி எனக்கு என்னைக்குமே வந்ததில்லை.

சிரித்துக்கொண்டே வெளியே வருகிறேன், வீடு இழவு வீடு மாதிரி இருக்கு. அப்பா தரையில் விரலால் தட்டிக்கொண்டு, 'முருகா, முருகா'ன்னு உட்கார்ந்துவிட்டார்.

'கன்னி மூலையில சொல்லிட்டுது. பந்து நாசம். சொந்தத்துக்கு ஆகாது. மன்னிச்சுக்கிடுங்க.'

பின்பக்க அறை தென்மேற்கில் இருக்கு. தென்மேற்கில் கத்தினால் சொந்தக்காரர் சாவாராம். எனக்கு எப்படித் தெரியும்? நான்தான் அந்த அட்டையைப் படிக்கலையே. படிக்காதது தப்புன்னு இப்பவும் ஒத்துக்கொள்ள மாட்டேன். தப்பு மூலையை எழுதினவன் மேலே.

'அப்பா, அது பல்லி இல்லை, நான்தான் கத்தினேன்'னு சொன்னேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

'அத்தைக்காகப் பொய் சொல்லுதா'ன்னார் அப்பா.

'பொய் இல்லப்பா. இந்தா பாருங்க'ன்னு நடுவீட்டில் நின்று கத்திக் காட்டினேன்.

'இது நீ கத்துதது'ன்னாள் அம்மா. 'அது பல்லி கத்துனது. பல்லி சத்தம் எனக்குத் தெரியாதாக்கும்?'

எனக்கு ஆத்திரம். உள்ளே போய் டப்பாவை எடுத்து வந்து மூடியைத் திறந்தேன். 'இங்க பாருங்க, சிவப்புப் பொட்டு. சாமி அலமாரிப் பல்லி இங்கே இருக்கு. பிறகு எது கத்தும்?'

பூசாரி ஒரே தாவாகத் தாவி, தவசிக்கண்ணுவின் அக்கா மடியில் விழுந்தான். அந்தம்மா அலறின அலறலில் கையிலிருந்த காப்பி பூராவும் தம்பி வேட்டியில். அவர் ஈர வேட்டியோடு எழுந்து நின்று, பல்லியைக் கைக்குட்டையால் மெதுவாக எடுத்து சுவரில் விட்டார். அடிக்கலை. அதைக் கவனித்து வைத்துக்கொண்டேன்.

அப்பா மட்டும் அசையலை. 'இது இல்லேன்னா வேற பல்லி. ஒரு வீட்டுல ஒரு பல்லியா இருக்கும்?'ன்னார்.

நியாயமான கேள்விதான்.

அவர்கள் புறப்பட்டார்கள். தவசிக்கண்ணு வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, அடுப்படிக்குக் கேட்கிற மாதிரி, 'மில்லு மாசி வீதியில இருக்கு. ஞாயித்துக்கிழமையும் தொறந்துதான் இருக்கும்'னார். யாருமே அவரிடம் மில்லைப் பற்றிக் கேட்கலை. மனுஷர் பதட்டத்தில் என்னவோ உளறுகிறார்னு நினைத்தேன். உள்ளே தையல் இயந்திரம் மறுபடி ஓட ஆரம்பித்தது. ரொம்ப வேகமாக ஓடினது.

அன்னைக்குச் சாயங்காலம் அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். 'அப்பாவுக்கு இந்தப் பைத்தியம் எப்போ வந்தது?'ன்னேன். அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள். 'ஒங்க அத்தைய மொதல்ல நிச்சயம் பண்ணப்பவும் இதே மூலையில பல்லி சொல்லிச்சு. ஒங்க அப்பா அப்போ ஒன்னைய மாதிரி. பல்லியாவது பலனாவதுன்னு சிரிச்சாரு. ரெண்டாம் வருஷம் ஒங்க மாமா மஞ்சக்காமாலையில போயிட்டாரு. பொணத்த எடுக்கிறதுக்கு முன்னாடி ஒங்க அப்பா சொன்ன மொத வார்த்தை, நாந்தான் கொன்னுட்டேன். அதுக்கு அப்புறம் சிரிக்கல.'

அம்மா சொன்னதைக் கேட்டு நான் மனசு மாறிவிட்டேன்னு நினைக்காதீங்க. மஞ்சள்காமாலை கல்லீரலில் வருகிறது, கன்னி மூலையில் இல்லை. ஆனால் ஒண்ணு புரிந்தது. இந்த வீட்டில் அறிவியல் பேசிப் பிரயோசனம் இல்லை. பல்லியைக் கொண்டே பல்லியை ஜெயிக்கணும்.

அந்த அட்டையை இறக்கி உட்கார்ந்து படித்தேன். செமஸ்டர் பரீட்சை வேற பக்கத்தில். மண்புழுவின் நரம்பு மண்டலத்தை ஓரம் வைத்துவிட்டு, எட்டுத் திசையையும் கிழமையோடு சேர்த்து மனப்பாடம் செய்தேன். இப்பவும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். வடகிழக்கு, ஈசான மூலை, சுப காரியம் கைகூடும். எங்க வீட்டில் ஈசான மூலைன்னா முடுக்குச் சந்துப் பக்கத்து ஜன்னல். வெளியே நின்று ஜன்னல் கட்டையோடு வாயை வைத்துக் கத்தினால் உள்ளே சாமி அலமாரிக்கு மேலே கேட்கும். ரெண்டு மூணு நாள் சரி பார்த்தேன். முடுக்கில் குப்பை கொட்ட வந்த பக்கத்து வீட்டு மதினி, 'ஏளா, செவுத்துக்கு முத்தமா குடுக்க?'ன்னு கேட்டாள். கேட்கட்டுமே.

அப்பா மறுபடி கேட்பாரான்னு ஒரு சந்தேகம் இருந்தது. கேட்டார்க்கா. தினமும் கேட்டார். காலையில் முருகன் படத்துக்கு முன்னால் நிற்கும்போது, மத்த நாளை விட ரொம்ப நேரம் நின்றார். உதடு மட்டும் 'சீனி'ன்னு அசையும்.

மறுவாரம் நான் முடுக்கிலிருந்து கத்தினேன். உள்ளே அவர் தரையைத் தட்டுகிற சத்தம் கேட்டது. ஜெயித்துவிட்டேன்னு ஓடி வந்தால், அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்: 'ஈசான மூலைதான். ஆனா செவ்வாக்கிழமை. செவ்வாய் சொன்னா செல்லாது.' அட்டையில் அப்படி ஒரு வரியே இல்லை.

புதன்கிழமை கத்தினேன். 'நாலு தடவை சொல்லிட்டுது. ஒத்தப்படையால்லா சொல்லணும்'னார். வியாழன் ஒத்தைப்படையாகக் கத்தினேன். 'நான் கேட்டு முடிக்கதுக்கு முன்னாடியே சொல்லிட்டுது. அது வேற எதுக்கோ சொன்னது'ன்னார். வெள்ளிக்கிழமை நேரம் பார்த்து, எண்ணிக்கை பார்த்து, அவர் கண் திறந்த பிறகு கத்தினேன். 'தொண்டை கம்முன மாதிரி இருந்துச்சு. நோய்ப் பல்லி சொன்னா எடுத்துக்கக் கூடாது'ங்கிறார்!

எனக்குத் தொண்டை கம்மத்தான் செய்தது. ஒரு வாரமாக ஓயாமல் கத்துகிறேன், கம்மாமல் என்ன செய்யும்? கத்தினவள் நான், நோய்ப்பட்டம் எனக்கு.

சனிக்கிழமை என்னால் தாங்க முடியலை. அப்பா படத்துக்கு முன்னால் கண்ணை மூடி நிற்கிறார். நான் முடுக்குக்குப் போகலை. நேரே அவர் மூஞ்சிக்கு எதிரே போய் நின்றேன். 'அப்பா, கண்ணைத் திறங்க'ன்னேன். திறந்தார். என் வாயைக் காட்டி, அவர் பார்க்கப் பார்க்க, த்ச்சு த்ச்சு த்ச்சுன்னு கத்தினேன்.

அவர் கண் என் உதட்டிலேயே இருக்கு. விரல் தானாகப் போய் அலமாரியைத் தட்டுகிறது. டக், டக், டக்.

'இப்போ தட்டுனீங்களே, யாருக்குத் தட்டுனீங்க? எனக்கா பல்லிக்கா?'ன்னு கேட்டேன். வீடே அதிர்கிற மாதிரி கேட்டேன். 'ஒங்களுக்கு அத்தையை அனுப்ப பயம். அதைச் சொல்லிட்டுப் போங்களேன். எதுக்கு அந்தச் சீவனை இழுக்கீங்க?'

அப்பா கையை ஓங்கினார். ஓங்கின கை அப்படியே நின்றது. ஏன்னா அடுப்படி வாசலில் அத்தை வந்து நின்றாள். வாயில் குண்டூசி இருந்தது. அதை ஒண்ணொண்ணாக எடுத்துச் சேலை மாராப்பில் குத்திக்கொண்டாள்.

'அண்ணே, பல்லிகிட்டக் கேட்ட. பஞ்சாங்கத்துகிட்டக் கேட்ட. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?'

அப்பா ஓங்கின கையைக் கீழே இறக்கினார்.

'அவுக செத்தது குடிச்ச தண்ணியால. ஊரு பூரா அந்த வருஷம் காமாலை. அன்னைக்கே ஒனக்குச் சொன்னேன். நீ கேக்கல. இத்தனை வருஷம் நீ குத்தவாளி மாதிரி நடக்க, நான் குத்தம் சுமந்தவ மாதிரி நடக்கேன். போதும்ண்ணே.'

'சீனி, மறுபடியும் ஒண்ணு ஆகிட்டா நான் என்னளா செய்வேன்?'

'ஆனா ஆகட்டும். எனக்கு ஆகுறதை நான் பாத்துக்கிடுதேன். எனக்குப் போணும்.'

'எனக்குப் போணும்'னு அவ்வளவுதான் சொன்னாள்க்கா. நான் அவளுக்காக ஒரு வாரம் தொண்டை கிழியக் கத்தினதெல்லாம் அந்த ரெண்டு வார்த்தைக்கு முன்னால் ஒண்ணும் இல்லாமல் போனது. அதுகூடப் பரவாயில்லை. அப்புறம் என் பக்கம் திரும்பினாள். 'நீயும்தாம்ட்டி கேக்கல. படிச்ச புள்ள. செவுத்துக்கிட்டப் போயிக் கத்தத் தெரிஞ்சுது, எங்கிட்ட வந்து, அத்தே ஒனக்குப் பிடிச்சிருக்கான்னு கேக்கத் தெரியல'ன்னாள்.

நீங்களே சொல்லுங்க. இது நியாயமா? நான் என்ன எனக்காகவா கத்தினேன்? அவளுக்குப் பிடிக்கும்னு எனக்குத் தெரியும். எப்படித் தெரியும்னா... தெரியும், அவ்வளவுதான். எல்லாத்தையும் கேட்டுக்கொண்டா செய்வார்கள்? பல்லிக்குப் பொட்டு வைக்கும்போது பல்லியிடம் கேட்டா வைத்தேன்? நீங்க ஏன் சிரிக்கிறீங்க?

அப்பா பெஞ்சில் போய் உட்கார்ந்தார். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, 'அப்போ வைகாசியில நாள் பாப்பமா?'ன்னு கேட்டார். 'நாள் வேணும்னா பாத்துக்கோ. மூலை பாக்காத'ன்னாள் அத்தை.

கல்யாணம் கழுகுமலைக் கோயிலில். கூட்டம் வேண்டாம்னு அத்தையே சொல்லிவிட்டாள். விடிந்ததும் வீட்டு வாசலில் வேன் வந்து நின்றது. அத்தை அரக்குச் சேலை. காலில் பத்து விரலிலும் சிவப்பு நகச்சாயம். என் பல்லிப் பாட்டில் காலி. போகட்டும்னு விட்டுவிட்டேன். தையல் இயந்திரத்தை வேனில் ஏத்தணும். அதன் மூடியை எடுக்க நான் பின்பக்க அறைக்குப் போனேன். வாசலில் அப்பா, அம்மா, தெருப் பொம்பளைகள் ரெண்டு மூணு பேர். அத்தை வலது காலை எடுத்து நிலைப்படியில் வைக்கிறாள்.

அப்போ கத்தினது.

பின்பக்க அறையில். கன்னி மூலையில். என் தலைக்கு மேலே, உத்தரத்தில். நான் இல்லை. சத்தியமாக நான் இல்லை. மூளியோ வேற எதுவோ, நிமிர்ந்து பார்க்கக்கூட எனக்குக் கழுத்து வரலை. நல்ல கணீர்னு, ஒத்தைப்படையில், ஒரு குறை சொல்ல முடியாமல் கத்தினது.

நான் மூடியைத் தூக்கிக்கொண்டு அறை வாசலுக்கு வந்தேன். அத்தையின் கால் நிலைப்படியில் அப்படியே இருக்கு. அப்பாவின் கை தட்டுகிறதுக்குத் தூக்கினது, பாதியில் நிற்கிறது. முகத்தில் ரத்தமே இல்லை. என்னைப் பார்த்தார். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதுகூட அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. கெஞ்சுகிற மாதிரி.

'ஏட்டி, நீதான?'ன்னார்.

இத்தனை நாளாக நான்தான் நான்தான்னு தலையில் அடித்துச் சொன்னேன். மூஞ்சிக்கு நேரே செய்து காட்டினேன். டப்பாவில் போட்டுக் காட்டினேன். ஒரு நாள் நம்பலை அந்த மனுஷர். நான் நெஞ்சை நிமிர்த்தினேன்.

'ஆமாப்பா. நான்தான். சும்மா வெளாட்டுக்கு'ன்னேன்.

'வெளாடுத நேரமா இது, மூதேவி!' அவர் போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் போயிருக்கும். திட்டுகிறார், திட்டுகிறார், திட்டத் திட்ட முகத்தில் ரத்தம் ஏறுகிறது. 'படிக்கப் போட்டது பல்லி மாதிரிக் கத்தவா? இவள எவன் கட்டுவான்?' அம்மா ஓடி வந்து நடு மண்டையில் ஒரு குட்டு வைத்தாள். தெருப் பொம்பளைகள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். நான் செய்யாததுக்கு வாங்கின குட்டுக்கா அது. இங்கே, இந்த இடத்தில். அத்தை மட்டும் சிரிக்கலை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நிலைப்படியைத் தாண்டி, வேனில் ஏறிவிட்டாள்.

அறிவியல் படிக்கிறவள் பொய் சொல்லலாமான்னு கேட்பீங்க. சொல்லலாம். எந்தப் பரீட்சையில் வேணும்னாலும் இதை எழுதுவேன். அந்தச் சத்தத்துக்கு அர்த்தம் எதுவும் கிடையாது. அர்த்தம் இல்லாத சத்தத்தை யார் கத்தினால் என்ன? நான் கத்தினேன்னு எழுதிக்கொள்ளட்டும். எனக்கு ஒரு பயமும் இல்லை.

இல்லைக்கா, பயம்லாம் ஒண்ணும் இல்லை. வாரா வாரம் கழுகுமலைக்குப் போகிறேன்னா அது வேற விஷயம். அரவை மில்லில் எலி உண்டு. எலி இருந்தால் பாம்பு வரும், பாம்பு வந்தால் சட்டை கிடைக்கும். ஆராய்ச்சிதான். போன இடத்தில் குடிதண்ணீர்ப் பானையை ஒரு எட்டிப் பார்ப்பேன். கொதிக்க வைத்துக் குடிங்கன்னு சொல்வேன், அது யாரும் சொல்கிறதுதான். புது மாமாவை வெளிச்சத்தில் நிறுத்தி, கண் இமையைக் கீழே இழுத்துப் பார்ப்பேன். அவர் நல்ல மனுஷர், மாவுக் கையைத் தூக்கிக்கொண்டு மேலே பார்த்து நிற்பார். 'வந்ததும் வராததுமா அவுக கண்ண ஏன்ட்டி நோண்டுத?'ன்னு அத்தை சத்தம் போடுகிறாள். விலங்கியல் படிக்கிற யாரும் பார்க்கிறதுதான் இது. இதுக்கும் அந்த மூலைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

மலை தெரிகிறது, நான் இறங்கணும். கொஞ்சம் காலை ஒதுக்குங்க. மாமா கண்ணு வெள்ளையாத்தான் இருக்குக்கா. போன ஞாயித்துக்கிழமை வரைக்கும் நல்ல வெள்ளை.